சீனியே தொடாத அம்மாவுக்கு 8 மாசத்துல 11 சொத்தைப் பல்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருச்செந்தூர் பக்கம் ஒரு சின்ன ஊர்ல பல் கிளினிக் வெச்சிருக்கேன். இந்தக் கேஸை எழுதலாமான்னு அந்த அம்மாகிட்டயே கேட்டேன். பேரும் தெருவும் வேண்டாம், மத்ததெல்லாம் எழுதுங்க தம்பின்னு சொன்னாங்க. அதுக்கப்புறம்தான் எழுதுறேன்.

அவங்களுக்கு அப்போ வயசு 62. சத்துணவுக் கூடத்துல சமையல் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவங்க, புகுந்த வீடும் பொறந்த வீடும் ரெண்டுமே பனைத்தொழில் பண்ண குடும்பம். வெத்தலை, பாக்கு, புகையிலை எந்தப் பழக்கமும் கிடையாது. 20 வருஷத்துக்கு முன்னாடி கீழ ஒரு கடவாப்பல் எடுத்ததைத் தவிர 60 வயசு வரைக்கும் பல் டாக்டர்கிட்ட போக வேண்டிய தேவையே வரலன்னு சொன்னாங்க. வாயைப் பார்த்தா அது உண்மைன்னுதான் தெரிஞ்சுது. பல்லெல்லாம் நல்லா தேஞ்சு, உறுதியா, நம்ம ஊர் பழைய ஆளுங்களுக்கு இருக்குமே அந்த மாதிரி பல்.

2021 கடைசியில வீட்டுக்காரர் தவறிட்டார். கொஞ்ச நாள்லயே முதுகுல அக்கி வந்துச்சு. அக்கி ஆறின பிறகும் அந்த இடத்துல எரிச்சலும் குத்தலும் விடல, ராத்திரி தூக்கமே இல்ல. அதுக்கு ஒரு டாக்டர் தினமும் ராத்திரிக்கு அமிட்ரிப்டிலின் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். அந்த நரம்பு வலிக்கு அது சரியான மருந்துதான், அதுல எந்தத் தப்பும் இல்ல. அது போக பிரஷருக்கு ஒரு மாத்திரை, அடிக்கடி தும்மல் வருதுன்னு மெடிக்கல்ல கேட்டு வாங்கி ராத்திரி போட்டுக்குற அலர்ஜி மாத்திரை ஒண்ணு.

இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது 8 மாசம் கழிச்சு. முதல் நாளே கேட்டிருக்கணும்.

முதல் தடவை: 2022 ஜூன்

கீழ முன்பல் ரெண்டுல ஈறு ஓரமா குழி விழுந்திருக்கு, பச்சத் தண்ணி பட்டா கூசுதுன்னு வந்தாங்க. பார்த்தேன், ஆழம் கம்மி, வலி இல்ல. பல் கலர்லயே இருக்குற காம்போசிட் வெச்சு ரெண்டையும் அடைச்சேன். மொத்தம் ஒரு மணி நேர வேலை.

எல்லார்கிட்டயும் கேக்குற கேள்வியை இவங்ககிட்டயும் கேட்டேன், ஸ்வீட் நிறைய சாப்பிடுவீங்களாம்மான்னு. "சீனியே தொடமாட்டேன் தம்பி, காப்பிக்குக்கூட கருப்பட்டிதான், கல்யாண வீட்டுல லட்டு வெச்சாக்கூட பேரப்பிள்ளைகளுக்குக் கொண்டு போயிருவேன்"னு சொன்னாங்க. அவங்க சொன்னதுல ஒரு எழுத்துகூடப் பொய் இல்ல. நான் கார்டுல "இனிப்பு: இல்லை"ன்னு எழுதிட்டு அனுப்பிட்டேன்.

ரெண்டாவது தடவை: 2022 அக்டோபர்

புதுசா 4 பல்லு. எல்லாமே ஈறும் பல்லும் சேருற இடத்துல, வேர் வெளிய தெரியுற பகுதியில. மேல முன்பல் ரெண்டு, பக்கத்துல சின்னக் கடவாப்பல் ரெண்டு. முன்னாடி நான் அடைச்ச ஒண்ணுல விளிம்பைச் சுத்தி லேசா கருப்புக் கோடு வேற.

நான் என்ன நெனச்சேன்னா, வயசாச்சு, ஈறு இறங்குது, விரலால பல்பொடி தேய்க்குறாங்க, சுத்தம் பத்தல. அவ்வளவுதான். பிரஷ் எப்படிப் பிடிக்கணும்னு பொம்மைப் பல்லுல காட்டிக் கொடுத்தேன், 4 பல்லையும் அடைச்சேன், 6 மாசம் கழிச்சு வாங்கன்னேன். அந்த அம்மா சொன்ன மாதிரியே செஞ்சாங்க, பிரஷ் வாங்கினாங்க, ரெண்டு வேளையும் தேச்சாங்க. ஆனா அந்தப் பல்பொடியையே பிரஷ்ல தொட்டுத் தேச்சிருக்காங்க, அதையும் நான் கேக்கல.

பல் ஒடிஞ்ச நாள்: 2023 ஜனவரி

பொங்கல் முடிஞ்சு ரெண்டு வாரம் இருக்கும், பையனைக் கூட்டிட்டு வந்தாங்க. அவிச்ச பனங்கிழங்கைக் கடிச்சு நாரை இழுத்தப்போ கீழ முன்பல் ஒண்ணு ஈறோட மட்டத்துல ஒடிஞ்சு போச்சு. நான் ஜூன்ல அடைச்ச பல்தான் அது. ஒடிஞ்ச துண்டை ஒரு காகிதத்துல மடிச்சுக் கொண்டு வந்திருந்தாங்க. அதைப் பார்த்தப்போ என்னோட ஃபில்லிங் முன்பக்கம் அப்படியே பளபளன்னு ஒட்டிட்டு இருக்கு, பின்பக்கம் சுத்தி வளைச்சு புதுச் சொத்தை அறுத்துட்டுப் போயிருக்கு. கயித்தால அறுத்த மாதிரி.

வாய் முழுக்கப் பார்த்தா புதுசா இன்னும் 5 பல்லு. ஆக ஜூன்ல இருந்து மொத்தம் 11. நான் அடைச்ச 6-ல 3 தோத்துப் போயிருந்துச்சு.

பையன் ரொம்ப வெறுத்துப் போயிருந்தார். "சார், பூச்சி ஒரு பல்லுல இருந்து அடுத்த பல்லுக்குப் போய்ட்டே இருக்கு, எத்தனை தடவை அடைக்குறது, எல்லாத்தையும் எடுத்துட்டு செட்டு கட்டிருங்க"ன்னார். அந்த அம்மா ஒண்ணும் பேசல, முந்தியால வாயைப் பொத்திட்டு உக்காந்திருந்தாங்க. 60 வருஷம் நல்லா இருந்த பல்லு. அவங்க என்னை நம்பி ரெண்டு தடவை வந்து காசும் கொடுத்திருக்காங்க. அன்னைக்கு மெஷினைக் கையில எடுக்கலை. அடுத்து வந்தவங்களை சாயங்காலம் வரச் சொல்லிட்டு முதல்ல இருந்து பார்த்தேன்.

உக்காந்து பார்த்தப்போ தெரிஞ்சது

முதல் விஷயம், சொத்தை விழுந்த இடம். கீழ முன்பல்லு சாதாரணமா வாயில கடைசியா சொத்தை ஆகுற பல்லு. நாக்குக்கு அடியில, கீழ முன்பல்லுக்கு நேர் பின்னாடிதான் எச்சி வர்ற பெரிய குழாய் ரெண்டு வந்து திறக்குது, ராவும் பகலும் எச்சியில குளிச்சுக்கிட்டே இருக்குற இடம் அது. அங்க காறை படியும், சொத்தை அவ்வளவு சீக்கிரம் வராது. இவங்களுக்கு முதல் சொத்தையே அங்கதான் வந்திருக்கு. அப்படின்னா எச்சியில ஏதோ கோளாறுன்னு ஜூன் மாசமே தோணியிருக்கணும்.

ரெண்டாவது, பல் பார்க்குற சின்னக் கண்ணாடியைக் கன்னத்துக்குள்ள வெச்சு எடுத்தா வழுக்கிட்டு வரணும். இவங்களுக்கு கன்னத்தோட ஒட்டிக்கிச்சு, பிரிச்சு எடுக்க வேண்டியிருந்துச்சு. நாக்கு நடுவுல பாளம் பாளமா வெடிப்பு. நாக்கைத் தூக்கச் சொன்னா அடியில தேங்கி நிக்க வேண்டிய எச்சி இல்ல, ஓரத்துல கொஞ்சம் நுரை மட்டும்.

எச்சியை அளந்து பார்த்தோம். இதுக்குப் பெரிய கருவி ஒண்ணும் வேண்டாம். எதையும் மெல்லாம, முழுங்காம, தலையைக் குனிஞ்சு 5 நிமிஷம் ஒரு கப்புல எச்சியை வழிய விடணும், அப்புறம் ஊசி சிரிஞ்சுல உறிஞ்சி அளவு பார்க்கணும். சும்மா இருக்கும்போதே நிமிஷத்துக்கு 0.3 எம்எல் அளவுக்கு ஊறுறது சாதாரணம், 0.1-க்குக் கீழ போனா எச்சி வறட்சின்னு எடுத்துக்குவோம். இவங்களுக்கு 5 நிமிஷத்துல வந்தது 0.4 எம்எல், அதாவது நிமிஷத்துக்கு 0.08. அப்புறம் வாசனை இல்லாத மெழுகுத் துண்டை மெல்லச் சொல்லி இன்னொரு 5 நிமிஷம் எடுத்தோம், 3 எம்எல் வந்துச்சு. அதுவும் கம்மிதான், ஆனா தூண்டிவிட்டா சுரப்பி வேலை செய்யுதுங்கறது தெரிஞ்சுது, அது எனக்குக் கொஞ்சம் தெம்பு கொடுத்துச்சு.

அந்த டெஸ்ட் முடிஞ்ச உடனே நடந்ததுதான் இந்தக் கேஸையே திருப்பிச்சு. கப்பைக் கீழ வெச்சாங்க, என்கிட்ட பேசிட்டே கை தானா சேலை முந்திக்குப் போச்சு, அங்க ஒரு முடிச்சு, அதைப் பார்க்காமலே விரலால அவுத்து சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு துண்டை எடுத்து வாயில போட்டு ஒதுக்கிக்கிட்டாங்க. பனங்கற்கண்டு.

என்னம்மா அதுன்னேன். "வாய் வறண்டே கெடக்கு தம்பி, ரெண்டு வார்த்தை பேசினா நாக்கு மேல ஒட்டிக்கிடுது, கல்கண்டு போட்டா தொண்டைக்கு இதமா இருக்கும்லா. ராத்திரி முழிப்பு வந்தாலும் ஒண்ணு போட்டுக்கிடுவேன்"னாங்க. எப்போ இருந்துன்னு கேட்டேன். அக்கி வந்து மாத்திரை ஆரம்பிச்ச பிறகுதான், அதுக்கு முன்னாடி இந்தப் பழக்கமே இல்லியேன்னு அவங்களே யோசிச்சுச் சொன்னாங்க.

வீட்டுல எட்டாம் கிளாஸ் படிக்குற பேத்தியை 4 நாளைக்கு ஒரு நோட்டுல கோடு போட்டு வரச் சொன்னேன், ஆச்சி வாயில எது போட்டாலும் ஒரு கோடு, ராத்திரி போட்டதைக் காலையில கேட்டுச் சேத்துக்கணும். அந்தப் பிள்ளை கட்டம் கட்டி அழகா எழுதிட்டு வந்துச்சு. கல்கண்டு மட்டும் 17, 14, 19, 14. அதுல ராத்திரிக் கோடு தினமும் ரெண்டு மூணு. கருப்பட்டிக் காப்பி தனியா ரெண்டு வேளை. மாத்திரை எல்லாத்தையும் மஞ்சப்பையில போட்டுக் கொண்டு வரச் சொன்னதும் அன்னைக்குத்தான். மெடிக்கல்ல வாங்கின அலர்ஜி மாத்திரை அட்டை அதுலதான் இருந்துச்சு.

ஏன் இப்படி ஆச்சு

பல் சொத்தைங்கறது பூச்சி அரிக்குறது இல்ல. பல் மேல எப்பவும் ஒரு பிசுபிசுப்பான படலம் இருக்கு, அதுல கிருமி இருக்கு, அது எல்லார் வாயிலயும் இருக்குறதுதான். நாம இனிப்போ மாவோ சாப்பிட்டா அந்தக் கிருமி அதைப் புளிக்க வெச்சு ஆசிட் ஆக்குது, அந்த ஆசிட் பல்லுல இருக்குற கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் கரைச்சு இழுக்குது. சாப்பிட்டு முடிச்ச பிறகு எச்சி வந்து ஆசிட்டைக் கழுவி, புளிப்பை முறிச்சு, கரைஞ்ச தாதுவைத் திரும்பப் பல்லுல சேர்க்குது. தினமும் பல தடவை இப்படிக் கரையுறதும் சேருறதும் நடந்துட்டேதான் இருக்கு. கரையுறது சேருறதை விட அதிகமாகி அப்படியே மாசக்கணக்கா போச்சுன்னா குழி விழும்.

1940-கள்ல அமெரிக்காவுல ராபர்ட் ஸ்டீஃபன்னு ஒருத்தர் சர்க்கரைத் தண்ணி கொப்புளிச்ச பிறகு பல் மேல இருக்குற படலத்துல புளிப்பு எவ்வளவு ஏறுதுன்னு அளந்தார். சில நிமிஷத்துலயே பிஹெச் (புளிப்பை அளக்குற எண், இது குறைஞ்சா புளிப்பு அதிகம்னு அர்த்தம்) சரசரன்னு இறங்குது, திரும்பப் பழைய நிலைக்கு வர அரை மணியில இருந்து ஒரு மணி நேரம் வரைக்கும் ஆகுது. எச்சி கம்மியா இருக்குறவங்களுக்கு இன்னும் லேட்டாகும். இப்போ அந்த நோட்டுல இருக்குற கோட்டை எடுத்துக்கோங்க. நாளைக்கு 16 தடவை, ஒவ்வொண்ணுக்கும் முக்கால் மணி நேரம்னு வெச்சாலே 12 மணி நேரம் வாய் புளிச்சே இருக்கு. எனாமல் கரைய ஆரம்பிக்குறது பிஹெச் 5.5 பக்கத்துல. ஆனா வேர்ப் பகுதிக்கு எனாமல் கிடையாது, அது 6.2-ல இருந்து 6.7-க்குள்ளேயே கரைய ஆரம்பிச்சுடும். இவங்களுக்கு வயசுல ஈறு இறங்கி வேர் வெளிய தெரிஞ்சுட்டு இருந்துச்சு, அதனால அடி முழுக்க அங்கதான்.

அளவைப் பார்த்தா பெருசா ஒண்ணும் இல்ல. வாரத்துக்கு 200 கிராம் கல்கண்டு வாங்கியிருக்காங்க, நாளைக்கு 28 கிராம் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் இனிப்புக்கு வெச்சிருக்குற கணக்குல பெரியவங்களுக்கு நாளைக்கு 50 கிராம் வரைக்கும் போகலாம், 25 கிராமுக்குள்ள இருந்தா இன்னும் நல்லது. காப்பிக் கருப்பட்டியைச் சேர்த்தாலும் அந்த 50-ஐத் தாண்டாது. அதே இனிப்பை மூணு வேளைச் சாப்பாட்டோட சேர்த்து சாப்பிட்டிருந்தா இவ்வளவு மோசமா ஆகியிருக்காது. எவ்வளவு தின்னோம்ங்கறதை விட எத்தனை தடவை, எவ்வளவு நேரம் வாயில ஒதுக்கி வெச்சோம்ங்கறதுதான் பல்லுக்குக் கணக்கு. இதுக்கு மனுசங்களை வெச்சுக் கிடைச்ச பெரிய ஆதாரம் ஸ்வீடன்ல லுண்ட் பக்கத்துல விபெஹோம்ங்கற, மனவளர்ச்சி குன்றினவங்களுக்கான விடுதியில 1945-ல ஆரம்பிச்ச ஆராய்ச்சி. சாப்பாட்டுக்கு நடுவுல ஒட்டுற மிட்டாய் கொடுத்தவங்களுக்குத்தான் சொத்தை ரொம்ப ஏறுச்சு. தன்னால வேண்டாம்னு சொல்ல முடியாத மனுசங்களோட பல்லைக் கெடுத்து எடுத்த பாடம் அது, இதைச் சொல்லும்போதெல்லாம் அவங்க ஞாபகம் வரும், மனசு கனமா இருக்கும்.

மாத்திரை விஷயம். அமிட்ரிப்டிலின் எச்சிச் சுரப்பிக்குப் போற நரம்பு சிக்னலைத் தடுக்கும், வாய் வறட்சி அதோட ரொம்ப சாதாரணமான பக்க விளைவு. அலர்ஜி மாத்திரையும் கூடச் சேர்ந்து உலர்த்தும். ரெண்டையும் ராத்திரி போடுறாங்க, தூக்கத்துல எல்லாருக்குமே எச்சி கிட்டத்தட்ட நின்னு போற நேரம் அது. அந்த நேரத்துல வாயில கல்கண்டு.

மூணாவது ஓட்டை, பல்பொடி. அதுல ஃப்ளோரைடு கிடையாது. கரைஞ்ச இடத்தைத் திரும்ப இறுக்குறதுக்கு இவங்க வாயில எச்சியும் இல்ல, ஃப்ளோரைடும் இல்ல.

கலயமும் சுண்ணாம்பும்

கல்கண்டுதான் காரணம்னு சொன்னதும் அந்த அம்மா ஒத்துக்கவே இல்ல. "அது மருந்துல்லா தம்பி, பச்சைப் பிள்ளைக்கே இருமலுக்குக் குடுக்கோம், சீனி மாதிரி கெமிக்கலா போட்டுருக்கு"ன்னு கோவமாவே கேட்டாங்க. பனை வளர்த்த குடும்பம், அந்தக் கோவத்துல நியாயம் இருக்கு. பனங்கற்கண்டு நல்ல பொருள்தான். ஆனா அதுல இருக்குற இனிப்பு பெரும்பாலும் சுக்ரோஸ், வெள்ளைச் சீனியில இருக்குறதும் அதேதான், கிருமிக்கு ரெண்டும் ஒண்ணு.

இதை எப்படிச் சொல்லன்னு யோசிச்சுட்டு, பனை ஏறுறவங்க கலயத்துல ஏம்மா சுண்ணாம்பு தடவுறாங்கன்னு கேட்டேன். "தடவலன்னா விடியுறதுக்குள்ள புளிச்சுக் கள்ளாயிரும்லா"ன்னாங்க. நான் அதுக்கு மேல ஒண்ணும் சொல்ல வேண்டி வரல. கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு அவங்களே, "அப்போ என் வாய் சுண்ணாம்பு தடவாத கலயமாயிட்டுன்னு சொல்லுதீய"ன்னு கேட்டாங்க. அதேதான். எச்சியில இருக்குற பைகார்பனேட்டும் கால்சியமும்தான் வாய்க்குச் சுண்ணாம்பு. அது வத்திப்போன கலயத்துல நாளைக்கு 16 தடவை பதநீர் ஊத்தியிருக்கோம். இந்தப் 11 வருஷத்துல நான் எத்தனையோ பேருக்குச் சொத்தை எப்படி வருதுன்னு படம் போட்டுச் சொல்லியிருக்கேன், ஒருத்தரும் இவ்வளவு சரியாத் திருப்பிச் சொன்னதில்ல.

என்ன முடிவு எடுத்தோம், ஏன்

எல்லாப் பல்லையும் எடுக்குறது வேண்டாம்னு முதல்ல பையன்கிட்ட பேசி நிறுத்தினேன். எச்சி இருந்தாத்தான் பல்செட்டு ஈறோட ஒட்டி நிக்கும், வறண்ட வாயில செட்டு உராஞ்சு புண்ணாக்கும், கீழ செட்டு நிக்கவே நிக்காது. பல்லையும் எடுத்துட்டு செட்டும் போட முடியாம அவங்க கஞ்சி குடிச்சுட்டு உக்காந்திருக்குற நிலைமையை நான் வேற ஆளுங்ககிட்ட பார்த்திருக்கேன்.

அடுத்தது, உடனே குடைஞ்சு அடைக்குறது இல்ல, முதல்ல தீயை அணைக்கணும். பின்னாடி வெளிய தெரியாத இடத்துல இருந்த சொத்தைக்கு 38 சதவீத சில்வர் டயமைன் ஃப்ளோரைடு தொட்டு வெச்சேன். சொத்தையை நிறுத்தும், குடைய வேண்டாம், ஆனா அந்த இடம் கரிக்கட்டை மாதிரி கருப்பாயிடும். முன்னாடியே கண்ணாடியில காட்டிச் சொல்லி, சம்மதம் வாங்கித்தான் வெச்சேன். முன்பல்லுல அவங்க வேண்டாம்னாங்க, அங்க கிளாஸ் அயனோமர் சிமெண்ட். இது வேர்ப் பகுதியோட தானா ஒட்டும், கொஞ்சம் கொஞ்சமா ஃப்ளோரைடும் விடும், காம்போசிட் அளவுக்கு அழகு இருக்காது. தோத்துப் போன பழைய ஃபில்லிங்ல மிச்சம் இருந்த ரெண்டையும் எடுத்துட்டு இதையே வெச்சேன், அதுக்குக் காசு வாங்கல. ஒடிஞ்ச பல்லோட வேர்ல மிச்சம் ஒண்ணும் உருப்படியா இல்ல, அதை எடுத்துட்டோம். மத்த பல்லு எல்லாத்துலயும் 5 சதவீத சோடியம் ஃப்ளோரைடு வார்னிஷ் (பல் மேல தடவுற பூச்சு), மூணு மாசத்துக்கு ஒரு தடவைன்னு வெச்சுக்கிட்டோம்.

மாத்திரையை நிறுத்துங்கன்னு நான் சொல்லல, எந்தப் பல் டாக்டரும் அப்படிச் சொல்லக் கூடாது. எச்சி அளவு, புதுச் சொத்தை எண்ணிக்கை, அந்தக் கோடு போட்ட நோட்டு, எல்லாத்தையும் எழுதி அவங்க டாக்டருக்கு ஒரு லெட்டர் கொடுத்தனுப்பினேன். அவர் போன்ல கூப்பிட்டுப் பேசினார். அக்கி வலி இப்போ ரொம்பக் குறைஞ்சிருக்கு, அமிட்ரிப்டிலினைச் சில வாரத்துல மெதுவா குறைச்சு நிறுத்திப் பார்க்கலாம், அலர்ஜி மாத்திரை தினமும் தேவையில்ல, தும்மல் வர்ற அன்னைக்கு மட்டும் போதும்னார். பிரஷர் மாத்திரையை மாத்தல. சர்க்கரை டெஸ்ட் எடுத்தார், நார்மல். கண்ணு உறுத்தல், மூட்டு வீக்கம் ஏதாவது இருக்கான்னு நானும் கேட்டேன், அவரும் கேட்டார், ஏன்னா எச்சியும் கண்ணீரும் சேர்ந்து வத்துற ஒரு வாத நோய் இருக்கு. இவங்களுக்கு அந்த அறிகுறி எதுவும் இல்ல.

வாய் காயுறப்போ கல்கண்டுக்குப் பதிலா என்ன போடுறதுங்கறதுதான் கஷ்டமா இருந்துச்சு. சும்மா நிறுத்துங்கன்னா நடக்காது, அந்த வறட்சி நிஜமான அவஸ்தை. சர்க்கரை இல்லாத சூயிங்கம் கொடுத்தேன், "ஆடு மாதிரி அசை போடச் சொல்லுதீயளே"ன்னு ரெண்டே நாள்ல விட்டுட்டாங்க. எலுமிச்சை, புளிப்பு மிட்டாய் எல்லாம் எச்சி ஊற வெக்கும், ஆனா புளிப்பே பல்லைக் கரைக்கும், அது கூடாது. கடைசியில ஒத்து வந்தது ஏலக்காய், ஒண்ணை வாயில போட்டு மென்னுட்டே இருக்குறது. கூடவே ஒரு சின்ன பாட்டில்ல தண்ணி, கட்டில் பக்கத்துலயும் ஒண்ணு. கருப்பட்டிக் காப்பியை எடுக்கல, காலையும் சாயங்காலமும் ஒரே மூச்சா குடிச்சு முடிச்சுடணும், ஆத்தி ஆத்தி ஒரு மணி நேரம் குடிக்கக் கூடாதுன்னு மட்டும் சொன்னேன்.

பல்பொடிக்குப் பதிலா 1000 பிபிஎம் (பத்து லட்சம் பங்குல 1000 பங்கு) ஃப்ளோரைடு இருக்குற பேஸ்ட். சில நாட்டுல இந்த மாதிரி ஆளுங்களுக்கு 5000 பிபிஎம் பேஸ்ட் எழுதிக் கொடுப்பாங்க, நம்ம ஊர் கடையில சாதாரணமா கிடைக்குறது 1000 பக்கம்தான். அதனால ரெண்டு வேளை தேச்சு, துப்பிட்டு, தண்ணி ஊத்திக் கொப்புளிக்காம விட்டுடணும், ராத்திரி அதுக்கப்புறம் தண்ணி தவிர எதுவும் வாய்க்குள்ள போகக் கூடாது. ஃப்ளோரைடு விஷம்னு பையன் எங்கயோ பார்த்துட்டு வந்து கேட்டார். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் சில ஊர்ல நிலத்தடித் தண்ணியிலயே ஃப்ளோரைடு அதிகமா இருந்து பல்லுல பழுப்பு ஏறினதும் எலும்பு பாதிச்சதும் உண்மை. அது வருஷக்கணக்கா குடிச்சு உடம்புக்குள்ள போனது. பெரியவங்க தேச்சுட்டுத் துப்புற பேஸ்ட் வேற சங்கதின்னு சொன்னேன், ஒத்துக்கிட்டார்.

அப்புறம் என்ன நடந்துச்சு

ஒரு மாசத்துல பகல் கல்கண்டு 4 ஆச்சு. ராத்திரிப் பழக்கம் சீக்கிரம் போகல, முழிப்பு வந்ததும் கை தலகாணிக்கு அடியில போயிடுதுன்னாங்க, பேத்திதான் அந்தப் பொட்டலத்தை எடுத்துட்டு ஏலக்காய் டப்பாவை அங்க வெச்சிருக்கு.

ஏப்ரல்ல ஒரு பின்னடைவு. சளி பிடிச்சு, பக்கத்து வீட்டுல சொன்னாங்கன்னு மிளகும் கல்கண்டும் திரும்ப ஆரம்பிச்சு ரெண்டு வாரம் ஓடியிருக்கு. அவங்களாவே வந்து சொன்னாங்க. சளி இருக்கட்டும், மிளகுக் கஷாயத்துல கல்கண்டைப் போட்டு ஒரே தடவையா குடிச்சிருங்க, வாயில ஒதுக்காதீங்கன்னேன்.

மே மாசம் திரும்ப எச்சி அளந்தோம். அமிட்ரிப்டிலின் நின்னு 6 வாரம் ஆகியிருந்துச்சு. 5 நிமிஷத்துக்கு 0.9 எம்எல், அதாவது நிமிஷத்துக்கு 0.18. முழுசா நார்மல் இல்ல, ஆனா ரெண்டு மடங்குக்கு மேல ஏறியிருக்கு. கண்ணாடி கன்னத்துல ஒட்டல. ஜனவரியில வேர்ல இருந்த சொத்தை பழுப்பா, நனைஞ்ச தோல் மாதிரி மெத்துன்னு இருந்துச்சு, கருவியால தொட்டா பதியும். இப்போ அதே இடம் கருத்து, வழவழன்னு, கருவி பட்டா கண்ணாடி மாதிரி சத்தம் வருது. இறுகிப்போன சொத்தை, இனிமே அதைக் குடைய வேண்டிய அவசியம் இல்ல.

ஜூலையில மேல சின்னக் கடவாப்பல் ஒண்ணுல புதுசா ஒரு சொத்தை, சின்னது, சிமெண்ட் வெச்சோம். ஒடிஞ்ச பல்லுக்குப் பக்கத்துப் பல்லுல செப்டம்பர்ல வலி வந்து வேர் சிகிச்சை பண்ண வேண்டியதாச்சு, அதுல சொத்தை முன்னாடியே நரம்பு வரைக்கும் போயிருந்துச்சு. ஒரு சிமெண்ட் விழுந்து திரும்ப வெச்சேன். 2024 பிப்ரவரி வரைக்கும் பார்த்ததுல ஜூலைக்கு அப்புறம் புதுச் சொத்தை ஒண்ணுகூட இல்ல. இழந்தது அந்த ஒடிஞ்ச பல் ஒண்ணுதான். காலையில எந்திரிக்கும்போது வாய் காயுறது இன்னும் இருக்குன்னு சொல்றாங்க.

இப்போ நான் மாத்திக்கிட்டது

ஸ்வீட் சாப்பிடுவீங்களாங்கற கேள்வியையே விட்டுட்டேன். எழுந்ததுல இருந்து படுக்குற வரைக்கும் வாய்க்குள்ள என்னென்ன போகுது, ராத்திரி முழிச்சா என்ன போடுவீங்க, முந்தியில பாக்கெட்ல என்ன இருக்குன்னு கேக்குறேன். கல்கண்டு, கருப்பட்டி, தேன், இருமல் மிட்டாய், சிரப், ஹார்லிக்ஸ், டீயோட பிஸ்கட், இதை யாரும் ஸ்வீட் கணக்குல சேர்க்கவே மாட்டாங்க, சேர்க்காம விட்டது அவங்க தப்பும் இல்ல.

40 வயசுக்கு மேல யார் வந்தாலும் மாத்திரை அட்டை எல்லாத்தையும் எடுத்துட்டு வரணும், மெடிக்கல்ல தானா வாங்கினதும் சேர்த்து. கீழ முன்பல்லுல ஈறோரம் சொத்தை பார்த்தா அன்னைக்கே எச்சி அளக்குறேன், 10 நிமிஷ வேலை அது. வேர்ச் சொத்தைக்கு வறண்ட வாயில காம்போசிட் வெக்குறதில்ல. முக்கியமா, 4 மாசத்துல ஒருத்தருக்கு புதுசா ரெண்டு சொத்தைக்கு மேல வந்தா ஃபில்லிங் பண்றதை நிறுத்திட்டு காரணம் தேடுறேன். அக்டோபர்ல நான் அதைச் செஞ்சிருந்தா அந்த அம்மாவோட முன்பல் இன்னைக்கும் வாயில இருந்திருக்கும்.

நரம்பு வலிக்கோ தூக்கத்துக்கோ இந்த மாத்திரை எழுதுற டாக்டருங்ககிட்ட ஒரு வேண்டுகோள், வாய் காயும், தண்ணி குடிங்க, மிட்டாய் ஒதுக்காதீங்க, ஒரு தடவை பல்லைக் காட்டிருங்கன்னு எழுதும்போதே சொல்லிட்டா போதும். எங்க ஊர் டாக்டர் இப்போ சீட்டோட ஓரத்துல இதை எழுதிக் கொடுக்குறார்.

அந்த அம்மாவுக்கு மத்தியானச் சாப்பாடு முடிஞ்ச உடனே ஒரு துண்டு கல்கண்டு உண்டு, அதை மென்னு முழுங்கிட்டுத் தண்ணி குடிச்சிரணும், அது நாங்க ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டது. அடுத்த வார்னிஷ் மே மாசம்.